ஒளித்து வைத்த புதன்கிழமை

புதன்கிழமையை என் மனைவியிடமிருந்து ஒளித்து வைப்பது என்று முடிவு செய்தேன். ஏதோ ஒரு புதன்கிழமையை அல்ல. இனி வரப்போகிற எல்லாப் புதன்கிழமைகளையும்.

ஊரில் கணவன்மார்கள் எதையெதையோ ஒளிக்கிறார்கள். சிகரெட்டை ஒளிக்கிறார்கள். பழைய கடிதத்தை ஒளிக்கிறார்கள். அதெல்லாம் அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டால் தீர்ந்தது. ஒரு முழு நாளை, காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை, வெயிலும் மேகமும் சேர்த்து ஒளிப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அது இருந்தது. இருந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மண்ணுக்கடியில் லித்தியம் இருக்கிறது. வெளிர் ஊதா நிறத்தில், செதில் செதிலாக மின்னுகிற கல். அதை வெட்டி, உடைத்து, மாவாக அரைத்து, சின்னச் சின்னப் பைகளில் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். லேபில் ஒரு பெரிய மெஷின் இருக்கிறது. கல்லில் எவ்வளவு லித்தியம் என்று அது புள்ளி பிசகாமல் சொல்லும். ஆனால் கண்ட கண்ட மாவையெல்லாம் அதன் முன்னால் கொண்டுபோய் வைக்க முடியாது. எதை உள்ளே விடலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று வாசலில் உட்கார்ந்து பார்க்கிற ஆள் நான். கம்பி வளையத்தை மாவில் தொட்டுத் தீயில் காட்டுவேன். தீக்கொழுந்து செக்கச்செவேலென்று சிவந்தால் உள்ளே. இல்லாவிட்டால் வெளியே. பதினாறு வருஷமாக இதுதான் வேலை. தீயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பான்? பிறந்ததிலிருந்தே நான் எதையாவது பார்த்தபடி எங்கேயோ போய்விடுகிறவன்.

லித்தியத்தின் மேல் எனக்குப் பாசம் வந்ததற்கும் அதுதான் காரணம். உலோகங்களிலேயே எடை குறைந்தது அது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். மிதந்துகொண்டே புஸ்ஸென்று பொங்கிக் காணாமலும் போய்விடும். கிட்டத்தட்ட என் குணம்.

இதை என் மனைவியிடம் ஒருநாள் விளக்கிப் பார்த்தேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரும்மா, உன் போன் உயிரோட இருக்கிறது லித்தியத்தால. சார்ஜ் போடுற டார்ச், அதுவும் லித்தியம். நீ டீ குடிக்கிற கப்பு மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்கே, அதுல லித்தியம் கலப்பாங்க. சுடச்சுட வெச்சாலும் விரிசல் விடாத கண்ணாடி இருக்கே, அதுல லித்தியம்."

"ம்."

"மனசு ஒரு நிலையில நிக்காம தவிக்கிறவங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு. அதுலகூட லித்தியம்தான். யோசிச்சுப் பாரு, மண்ணுக்குள்ள கிடந்த கல்லு ஒரு மனுஷன் மனசைப் பிடிச்சு நிறுத்துது!"

"கிரீஸ்லகூட இருக்கும்னு ஒருநாள் சொன்னீங்கல்ல?"

எனக்குப் பெருமையாக இருந்தது. என் பேச்சு ஒரு காதில் நுழைந்து அங்கேயே தங்கியிருக்கிறது. "ஆமா ஆமா, கிரீஸ்ல முக்கால்வாசி லித்தியம் போட்டதுதான்."

"அந்தக் கிரீஸைக் கொஞ்சம் எடுத்துட்டுப் போய் கேட் கீல்ல தடவுங்க. மூணு மாசமா ஊரைக் கூட்டுது."

இப்படித்தான். என் கனவு எந்த வானத்தில் பறந்தாலும் அதன் வாலைப் பிடித்து இழுத்துக் கேட்டில் கட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மற்றவர்களுக்கு ஓய்வு. எனக்கு அது நீளமான பட்டியல். தண்ணீர்த் தொட்டி, மின்விசிறி, பரண், பாத்ரூம் குழாய். திங்கட்கிழமை காலை லேபுக்குப் போய் உட்கார்ந்தால்தான் இடுப்பு வலி போகும்.

இந்த நிலையில்தான் லேப் மேடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். லேபுக்கே அவர்தான் தலைவர்.

"இனிமே எல்லாருக்கும் வாரத்துல ரெண்டு நாள் லீவு. உங்களுக்கு ஞாயிறும் புதனும். புதன்கிழமை உங்க நாற்காலிக்கு ஆள் கிடைக்கிற வரைக்கும் நானே பார்த்துக்கறேன்."

அன்று வீட்டுக்கு நடந்து வந்தேன் என்று சொல்ல முடியாது. மிதந்து வந்தேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இந்தப் புதன்கிழமை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். பிறந்து இரண்டு மணி நேரமே ஆன ஒரு பச்சைப் புதன்கிழமையை அந்தக் கதிக்கு ஆளாக்க எனக்கு மனசு வரவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது தீர்மானம் முடிந்திருந்தது.

"என்னங்க, ஒரு மாதிரி சிரிச்சுட்டே வர்றீங்க?"

"சும்மாதான்."

முதல் புதன்கிழமை வழக்கம்போல் எட்டு மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினேன். லேப் பக்கம் திரும்பாமல் பழைய குழிக்குப் போனேன்.

பழைய குழி என்பது வெட்டி முடித்துக் கைவிட்ட சுரங்கம். பல வருஷத்து மழை அதில் தேங்கி ஒரு ஏரி அளவுக்கு நின்றுவிட்டது. அந்தத் தண்ணீரின் நிறத்துக்கு நான் இன்னும் பெயர் கண்டுபிடிக்கவில்லை. காலையில் பச்சை. பதினொரு மணிக்கு நீலம். மூன்று மணிக்கு, எதிர்க் கரையின் ஊதாக் கல் அதில் விழுந்து, இரண்டும் இல்லாத ஏதோ ஒன்று. இந்தப் பக்கம் கரையில் புல் அடர்ந்திருந்தது. ஒரு பெரிய மரம். ஆள் அரவமே இல்லை. சட்டையில் கறை பட்டால் கேள்வி வருமென்று வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுபோயிருந்தேன். அதை விரித்து மல்லாந்து படுத்தேன்.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் அதன் அழகு. மேகம் போனது. அது போவதைப் பார்த்தேன். இந்தக் குழியிலிருந்து போன கல்லெல்லாம் இப்போது எங்கே இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கேயோ ஒரு ரயிலில் ஒரு பெண் போனை எடுத்து "சாப்பிட்டியா?" என்று கேட்கிறாள். அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போவது ஒருவேளை இந்தக் கரையில் கிடந்த ஒரு செதில். எங்கேயோ ஒருவன் கிரீஸ் போட்ட கதவைச் சத்தமில்லாமல் திறந்து, தூங்குகிற குழந்தையை எட்டிப் பார்க்கிறான். அவனுக்கு என்னைத் தெரியாது. ஆனால் அந்தக் கல்லை நான் தீயில் பார்த்து, போய்வா என்று அனுப்பியிருக்கிறேன். இப்படியே நினைத்து நினைத்து உடம்பின் எடை ஒவ்வொரு கிலோவாகக் கழன்று, கடைசியில் துண்டின் மேல் சட்டை மட்டும்தான் கிடக்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆறு புதன்கிழமைகள் இப்படிப் போயின. ஆறாவதுக்கு அடுத்த வியாழன் காலையில் வந்தது வினை.

நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இங்க ஒரு நிமிஷம் வாங்க."

போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் சட்டைகள் இரண்டு, ஒன்று செவ்வாய், ஒன்று புதன். அவள் கையில் ஒரு கம்பி வளையம்.

அந்தக் கம்பியை அவளுக்குக் கொடுத்தவனே நான்தான். கல்யாணமான புதிதில் லேபில் கழித்துப்போட்ட கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை மாவைத் தொட்டு, அடுப்புத் தீயில் காட்டினேன். கொழுந்து சிவந்தது. "இதுதான் என் மனசோட நிறம்" என்று வசனம் வேறு பேசினேன். அவள் வெட்கப்பட்டாள். கம்பியைக் கரண்டிகளோடு போட்டு வைத்தாள். புது மாப்பிள்ளைகளே, வசனம் பேசுங்கள். கருவியைக் கையில் கொடுக்காதீர்கள்.

"இது செவ்வாய்க்கிழமை சட்டை" என்று சொல்லி, கைமடிப்பில் கம்பியைத் தேய்த்துத் தீயில் காட்டினாள். சிவப்பு. லேசான சிவப்புதான், ஆனால் சந்தேகமில்லாத சிவப்பு. "இது புதன்கிழமை சட்டை." காட்டினாள். மஞ்சள். "என்னங்க இது, புதன்கிழமை மட்டும் நீங்க வேற கலரா இருக்கீங்க?"

தொழில் தெரிந்தவன் தொழிலில்தான் தப்பிக்க வேண்டும்.

"அது உப்பும்மா. வேர்வை உப்பு. உப்பு இருந்தா கொழுந்து மஞ்சளாயிடும். அந்த மஞ்சள் சிவப்பை மூடிடும். சிவப்பு இல்லைன்னு அர்த்தமில்ல. உள்ள ஒளிஞ்சிருக்கு."

"ஒளிஞ்சிருக்குன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"லேபா இருந்தா மாவை நல்லாக் கழுவுவோம். உப்பு தண்ணில போயிடும், கல்லு தங்கிடும். அப்புறம் காட்டணும். நடுவுல பார்க்கக் கூடாது, கொழுந்தோட ஓரத்தைப் பார்க்கணும்."

அவள் புதன்கிழமைக் கைமடிப்பை ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். தண்ணீரை நிதானமாக வடித்தாள். அடியில் கம்பியைத் துழாவித் தீயில் காட்டினாள். குனிந்து ஓரத்தைப் பார்த்தாள்.

"இப்ப மஞ்சளும் போச்சு. சிவப்பும் இல்ல."

"புதன்கிழமை பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் போடுறாங்க. தூசி பூரா வெளிய போயிடுது."

"ஓஹோ" என்றாள். எங்கள் வீட்டில் 'ஓஹோ' என்பதற்கு அகராதியில் இல்லாத பல அர்த்தங்கள் உண்டு. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினேன்.

ஓடியது நேராகப் பக்கத்து வீட்டுக்காரரின் கடைக்கு. அவர் போன் பேட்டரி மாற்றுகிறவர். உப்பிப்போன பேட்டரி ஒன்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் என் புதன்கிழமை ரகசியம் தெரிந்த ஒரே ஜீவன் அவர்தான்.

"மாட்டிக்கிட்டேன் சார். சட்டையில தூசி இல்லைன்னு கண்டுபிடிச்சுட்டா."

"துண்டு விரிச்சுப் படுத்தீங்களா?"

"ஆமா."

"சுத்தமா வீட்டுக்குப் போன புருஷன் தப்பிச்சதா சரித்திரமே இல்ல சார்." பேட்டரியைக் கீழே வைத்தார். "தூசி இல்லைங்கிறதுதானே பிரச்சனை? தூசியைக் கொண்டு போங்க. மாவு உங்க கைக்குள்ளதானே இருக்கு."

"அட!"

"கொஞ்சமாப் போடுங்க. பவுடர் மாதிரி தெரியக் கூடாது. வேலை பார்த்த மாதிரி தெரியணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை, சோதித்து முடித்துக் குப்பைக்குப் போகிற மாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். இங்கேதான் என் தொழில் கர்வம் என்னைக் கவிழ்த்தது. பதினாறு வருஷம் நல்ல கல்லைப் பொறுக்கிப் பழகிய கை. மட்டமான மாவை எடுக்க மறுத்துவிட்டது. அன்றைக்கு வந்ததிலேயே அருமையான மாவு எதுவோ, கொழுந்து பட்டதும் ரத்தமாகச் சிவந்தது எதுவோ, அதிலிருந்து எடுத்தேன். புதன்கிழமை மாலை கடைக்குப் பின்பக்கம் நின்று சட்டையில் தட்டிக்கொண்டேன். தோளில், கையில், காலரில். மாலை வெயில் பட்டு நான் மின்னினேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சார், வேலை பார்த்த மாதிரி இல்ல, வெட்டி எடுத்த மாதிரி இருக்கீங்க" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே சட்டையைக் கழற்றச் சொன்னாள். அடுப்பைப் பற்ற வைத்தாள். கம்பியைத் தொட்டுக் காட்டினாள்.

சமையலறையே சிவந்தது. பாத்திரமெல்லாம் சிவந்தது. அவள் முகமும் சிவந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அம்மாடி" என்றாள். "இப்படியா இருக்கும்?" மறுபடி காட்டினாள். மறுபடி சிவந்தது. "என்னங்க, இந்த மாதிரி கல்லு தினம் வருமா?"

"எப்பவாவதுதான்" என்றேன். எனக்கு நிம்மதியில் கண்ணே கலங்கியது. தப்பித்தது என் புதன்கிழமை. என் பச்சையும் நீலமும் ஊதாவும் பிழைத்துக்கொண்டன. அன்று ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்ததாக ஞாபகம்.

அதற்கு அடுத்த புதன்கிழமை குழிக்கரையில் நான் கண்ட கனவுகள் முன்னெப்போதும் காணாதவை. திருடனின் தூக்கம் இல்லை அது, ஜெயித்தவனின் தூக்கம். மாலையில் மிச்சமிருந்த மாவைத் தட்டிக்கொண்டு, மின்னி மின்னி வீட்டுக்கு வந்தேன்.

வீடு பூட்டியிருந்தது.

வாசல் படியில் உட்கார்ந்தேன். தெருவில் போனவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அரை மணி நேரம் கழித்துச் சுரங்கத்து பஸ் முனையில் நின்றது. அதிலிருந்து என் மனைவி இறங்கினாள். கழுத்தில் ஒரு அடையாள அட்டை. தலைமுடியில் அங்கங்கே ஊதாவாக ஏதோ மின்னியது.

"எங்க போயிருந்த?"

"வேலைக்கு" என்றாள். "நீங்க?"

"நானும்... வேலைக்குத்தான்."

"லேபுலயா?"

"பின்ன?"

"எந்த நாற்காலியில உக்காந்தீங்க?"

"என் நாற்காலியிலதான்."

"அப்படின்னா என் மடியிலதான் உக்காந்திருக்கணும். காலையிலேர்ந்து அதுல நான்தான் இருந்தேன்."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது புதனே தெரியும். மொத புதன் உங்க டிபன் பாக்ஸுக்குள்ள புல்லும் எறும்பும் இருந்துச்சு. லேபுல எறும்புக்கு என்ன வேலை? அடுத்த புதன் போன் பண்ணேன். மேடம் எடுத்தாங்க. 'அவருக்கு இன்னிக்கு லீவாச்சே'ன்னாங்க. அப்படியே மனசு விட்டுப் பேசினாங்க, புதன்கிழமைக்குத் தீ பார்க்கிற ஆளே கிடைக்கலன்னு. கண்ணு நல்லா இருந்தாப் போதுமாம், மெஷின் வேலையெல்லாம் வேண்டாமாம்."

"அப்போ சட்டையை வெச்சு என்னைக் குடைஞ்சது?"

"உங்களை எங்க குடைஞ்சேன்? கத்துக்கிட்டேன். வாரம் பூரா உங்க சட்டையிலதான் பழகினேன். மஞ்சள் வந்தா என்ன பண்றதுன்னு தெரியல, உங்களைக் கேட்டேன். அழகாச் சொல்லிக் குடுத்தீங்க. இன்னிக்கு மேடம் வெச்ச முதல் சோதனையே அதுதான், உப்புல ஒளிஞ்ச கல்லு. கழுவினேன், ஓரத்தைப் பார்த்தேன், 'இருக்கு'ன்னேன்." என் காலரிலிருந்து ஒரு செதிலை விரலால் எடுத்தாள். "நல்ல கல்லு கொழுந்து எப்படி இருக்கும்னு மட்டும் தெரியாமத் தவிச்சேன். அதையும் நீங்களே கொண்டு வந்து குடுத்தீங்க."

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே?"

"நீங்க கனவுல இருந்தீங்க. எழுப்ப மனசு வரல" என்றாள். "எனக்கும் வீட்டை விட்டு எங்கயாவது ஒரு நாள் போகணும்னு இருந்துச்சுங்க. இந்தப் பதினாலு வருஷத்துல எனக்கு ஞாயிறுமில்ல, புதனுமில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. மாவு பூசிய முகத்தோடு வெட்கப்படுவது எவ்வளவு சிரமம் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும். கூடவே, பொய் சொல்லக் கூடாது, பெருமையாகவும் இருந்தது. உப்பில் ஒளிந்த கல்லைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியல் போடவில்லை அவள். "உங்க குழியைக் காட்டுங்க" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். அதே மரம், அதே துண்டு, இந்தத் தடவை குறுக்காக விரித்தோம். மூன்று மணிக்குத் தண்ணீர் பெயரில்லாத நிறத்துக்கு மாறியபோது அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ரயிலில் போகிற பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கதவைச் சத்தமில்லாமல் திறக்கிறவனைப் பற்றிச் சொன்னேன். இந்தத் தடவை "ம்" மட்டும் சொன்னாள், கிரீஸ் கேட்கவில்லை. மேகம் போனது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். என் எடை கழன்றது. அவளுடையதும் கழன்றிருக்கும் என்று நினைக்கிறேன், அவள் கை என் கை மேல் இருப்பதே தெரியவில்லை. புதன்கிழமைகளில் இனி நான் வீட்டைப் பார்த்துக்கொண்டால்தான் என்ன? இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று போதுமே என்று தோன்றியது.

"என்னங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"சொல்லும்மா."

"மேடம் சொன்னாங்க, என் கண்ணு உங்க கண்ணைவிடக் கூர்மையாம். வியாழக்கிழமையும் என்னையே வரச் சொல்லிட்டாங்க."

"அப்போ எனக்கு?"

"வாரத்துல மூணு நாள் லீவு" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "வியாழக்கிழமைதான் திரைச்சீலை எல்லாம் துவைக்கிற நாள்."